போர்வை பாதியில் நிற்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

கில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை நேரமின்மை. விடிந்தால் டிபன் பாக்ஸ், பள்ளி வேன், அலுவலகம், சாயங்காலம் பிள்ளைகளின் பாடம், ராத்திரி பாத்திரம். இடையில் வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை, மருத்துவமனை. நேரம் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிடைக்கிற கொஞ்ச நேரமும் போர்வைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே கரைந்துபோவது வேறு கோளாறு. முதல் கோளாறை நம்மால் ஓரளவுக்குத்தான் மாற்ற முடியும். இரண்டாவதை வெகுவாகக் குறைக்கலாம்.

என் நம்பிக்கை இது: குடும்பத்தில் இருப்பவரை யாராவது எந்த நிமிடமும் கூப்பிடத்தான் செய்வார்கள். அதனால், எந்த நிமிடம் கூப்பிட்டாலும் நஷ்டமில்லாமல் கீழே வைத்துவிட்டு எழக்கூடிய வேலையாகப் போர்வையை மாற்றிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதற்கான வழிகள்தாம். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும்.

அறிகுறி: ஊசியில் நூல் கோப்பதற்குள் எழுந்துவிட வேண்டியிருக்கிறது

உட்கார்ந்ததிலிருந்து முதல் தையல் விழும்வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். இயந்திரத்தின் மேல் இருக்கும் இஸ்திரித் துணிகளை எடுத்து வேறிடத்தில் வைக்கிறீர்கள். உறையைக் கழற்றுகிறீர்கள். அடிநூல் சுற்றும் பாபினில் நூல் தீர்ந்திருக்கிறது. கத்தரிக்கோலைப் பிள்ளை கைவேலைக்கு எடுத்துப்போயிருக்கிறான். வெட்டிய துண்டுகள் எந்தப் பையில் என்று தேட வேண்டும். அரை மணி நேரத்தில் பாதி இதிலேயே போய்விடுகிறது.

தயார் செய்யும் வேலையைத் தைக்கும் வேலையிலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கவே கூடாது. ஒரு ஞாயிறு மதியம் துணியை இஸ்திரி போட்டு மொத்தத் துண்டுகளையும் வெட்டிவிடுங்கள். வெட்டியவற்றை நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டிரண்டாகச் சேர்த்துக் குண்டூசி குத்தி ஒரு ஜிப் பையில் அடுக்குங்கள். நாலு பாபினில் சாம்பல் அல்லது சந்தன நிற நூலைச் சுற்றி வையுங்கள். இந்த இரண்டும் அநேகமாக எல்லா நிறத் துணியோடும் ஒத்துப்போகும், துண்டுக்குத் துண்டு நூல் மாற்ற வேண்டியதில்லை. போர்வைக்கென்று தனிக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி, பைக்குள்ளேயே நாடாவால் கட்டிவிடுங்கள். இனி உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து ஊசிக்கடியில் வைப்பது.

ஜோடிகளைத் தைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நூலை அறுக்காதீர்கள். ஒன்று முடிந்ததும் ஓரிரு வெறும் தையல் ஓடவிட்டு, அடுத்த ஜோடியைப் பின்னாலேயே செலுத்துங்கள். தோரணம்போல் வரிசையாக வந்து விழும். கடைசியில் ஒரேயடியாக அறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். நடுவில் எழ நேர்ந்தால் தோரணம் அப்படியே தொங்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று. பள்ளிச் சீருடையின் கீழ்மடிப்பைப் பிரித்துத் தைப்பது, தலையணை உறையின் ஓரம் அடிப்பது என்று வீட்டுத் தையல் வேலை எப்படியும் வரும். அப்போது இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு டப்பா நிறையச் சின்னச் சதுரங்களை வைத்திருங்கள். சீருடையைத் தைத்து முடித்ததும் நூலை இழுத்து அறுக்காமல், இரண்டு சதுரங்களைச் சேர்த்து ஊசிக்கடியில் ஓட்டி, அதற்குப் பின் சீருடையை அறுத்து எடுங்கள். அடுத்த துணியை அந்த ஜோடியின் பின்னாலேயே தொடங்கலாம். போர்வைக்கென்று தனியாக உட்காராமலேயே ஜோடிகள் சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு பள்ளி ஆண்டு முடிவதற்குள் டப்பாவில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: பத்து நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் கிடைப்பதே இல்லை

அப்படியானால் வார நாட்களில் இயந்திரத்தை நம்ப வேண்டாம். கைத்தையலுக்கு மாறுங்கள். அதிலும் அட்டை வைத்துத் தைக்கும் அறுகோணத்துக்கு இணையானது எதுவும் இல்லை.

நம் வீடுகளில் சேரும் கல்யாணப் பத்திரிகைகள் இதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். பக்கம் ஒரு அங்குலம் அளவுள்ள அறுகோணங்களாக அவற்றை வெட்டிக்கொள்ளுங்கள். மாதக் காலண்டர் தாளும் உதவும். தினசரித் தாள் மெல்லியது, மடங்கிவிடும். அட்டையைத் துணியின் உள்பக்கத்தில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலத்தை அட்டையின் மேல் மடித்து, ஒவ்வொரு மூலையிலும் மடிப்பைப் பிடித்து நூலோட்டிக்கொண்டே வந்தால் ஆறு மூலையில் ஒரு துண்டு தயார். பிறகு இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழையை மட்டும் ஊசியால் எடுத்து நெருக்கமாகத் தையுங்கள். அட்டையை ஊசி குத்தக் கூடாது. குத்தினால் ஊசி முனை தடுமாறுவது விரலுக்கே தெரியும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அடைபட்டதும் அட்டையை உருவி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அதற்குப் பன்னிரண்டு இணைப்புகள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு அங்குலம்தான் என்பதால், எந்த இடத்தில் எழுந்தாலும் அதிகபட்சம் ஒரு அங்குலத் தையல்தான் பாதியில் நிற்கும். அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கு வீடு தைக்கப்பட்ட ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்ற கோலம் இந்தப் பூக்களால் ஆனதுதான்.

கிரைண்டரில் உளுந்து ஓடும் நேரம், பாட்டு வகுப்பு வாசலில் காத்திருக்கும் நேரம், குக்கர் விசிலுக்கு நிற்கும் நேரம் எல்லாம் இதற்குப் போதும். மாவு பட்ட கையோடு மட்டும் தொடாதீர்கள்.

அறிகுறி: பரப்பி வைக்க இடமில்லை, பரப்பியதைப் பிள்ளைகள் கலைத்துவிடுகிறார்கள்

பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றைச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டி, துண்டுகளை அதில் குண்டூசியால் குத்தி அடுக்குங்கள். விருந்தாளி வந்தால் விரிப்போடு சுருட்டி அலமாரி மேல் வைத்துவிடலாம், அடுக்கு மாறாது. தரையில் அடுக்குவதே வேண்டாம். முடிவு செய்த அடுக்கைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் யார் கலைத்தாலும் கவலையில்லை.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஊசிக்குக் கணக்கு வேண்டும். வெளியே இருப்பது மூன்று ஊசி என்றால் மூன்றுதான். எழும்போது மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றைத் துணியில் பொதிந்து வைத்தால் குண்டூசிகள் சிதறாது. குண்டூசி குத்திய விரிப்பு குழந்தைக்கு எட்டாத உயரத்தில்தான் தொங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் ஆகாது.

அறிகுறி: ஒரு வாரம் கழித்து எடுத்தால் எங்கே விட்டோம் என்று தெரிவதில்லை

எழுவதற்கு முன் அடுத்த படியைத் தொடங்கி வைத்துவிட்டு எழுங்கள். ஒரு வரிசையை முடித்துவிட்டு எழுவது திருப்தியாக இருக்கும். ஆனால் அடுத்த முறை ‘இனி என்ன’ என்ற யோசனையிலேயே கால் மணி நேரம் போய்விடும். வரிசையை முடித்து, அடுத்த ஜோடியையும் ஊசிக்கடியில் வைத்து, இரண்டு தையல் போட்டுவிட்டு எழுந்தால் கை தானாகத் தொடரும். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் “நீலத்துக்கு அடுத்து மஞ்சள், தையல் மடிப்பு இடப்பக்கம்” என்று எழுதி, துணியோடு சேர்த்துக் குத்திவிடுங்கள். நினைவில் வைத்துக்கொள்வதற்கு உங்களுக்கு வேறு ஆயிரம் விஷயங்கள் இருக்கின்றன.

அறிகுறி: ராத்திரிதான் ஓய்வு, ஆனால் ராத்திரி தைத்தது எல்லாம் கோணல்

பத்து மணிக்கு மேல் செய்யக் கூடாத வேலைகள் இரண்டு: வெட்டுவது, நீள வரிசைகளை இணைப்பது. இரண்டிலும் பிழை சிறியதாகத் தொடங்கிப் பெரியதாக முடியும். தையலுக்கு விடும் கால் அங்குலம் ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடிப்போனால் ஓர் இணைப்புக்கு ஒரு நூல் குறையும். ஆறு துண்டுள்ள வரிசையில் இணைப்புகள் ஐந்து. ஆக ஐந்து நூல், அதாவது அரை அங்குலத்துக்கும் மேல். பக்கத்து வரிசையோடு அது எப்படிப் பொருந்தும்? தூக்கக் கலக்கத்தில் ரோட்டரி கட்டரை, அதாவது துணி வெட்டும் சக்கரக் கத்தியை, பிடிப்பது கைக்கும் ஆபத்து.

இயந்திரத்தின் தட்டில், ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் அளந்து, காகித டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் விளிம்பு அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும். பாதி கோணல் இதிலேயே போய்விடும். ராத்திரிக்கென்று ஒதுக்க வேண்டியவை வேறு: அட்டைக்குத் துணி மடிப்பது, தற்காலிகத் தையலைப் பிரிப்பது, ஓரப்பட்டியைக் கையால் மடித்துத் தைப்பது. இவற்றில் பிழை வந்தாலும் மறுநாள் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். கறுப்பு, கருநீலத் துணியை ராத்திரியில் எடுக்க வேண்டாம். கண்ணுக்கும் இரக்கம் காட்ட வேண்டும்.

அறிகுறி: ஐந்து தொடங்கியாயிற்று, ஒன்றும் முடியவில்லை

எங்கே நின்றிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும்: துண்டுகளை இணைத்த மேல்துணி தயார், அடித்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேல்துணி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துச் சேர்க்கும் கட்டம் மட்டும் பாக்கி. மற்ற வேலைகளை யாராவது கூப்பிட்டால் விட்டுவிட்டு எழலாம், இதை முடியாது. முழுத் தரை வேண்டும், இரண்டு மணி நேரம் வேண்டும், நடுவில் யாரும் மிதிக்கக் கூடாது. அதனால் இதைத் திருமணத்துக்கு நாள் குறிப்பதுபோல் முன்கூட்டியே குறித்தாக வேண்டும். முகூர்த்தங்கள் குறைந்திருக்கும் ஆடி மாதம் பல குடும்பங்களுக்குத் தோதானது. மே விடுமுறையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வீண் முயற்சி.

நாள் குறிக்கவே வழியில்லை என்றால் முறையை மாற்றுங்கள். மேல்துணியின் ஒவ்வொரு சதுரக் கட்டத்தையும் தனித்தனியாகவே மூன்று அடுக்காக்கி, ஓடு தையல் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் கட்டங்களை இணைக்கலாம். ஒரு அடிச் சதுரத்துக்கு மடியே போதும்.

இதைவிட எளிய வழி கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்களுடையது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் மேல்துணியைத் தனியாக இணைக்கும் கட்டமே கிடையாது. அடியில் பெரிய துணி ஒன்றை, பெரும்பாலும் பழைய சேலையை, வைத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து தொடங்குகிறார்கள். கிழிந்த உடுப்புகளின் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து, ஓடு தையலால் அடித்துணியோடு சேர்த்தே தைத்துக்கொண்டு ஓரத்தைச் சுற்றி வருகிறார்கள். சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடிகிறது. துண்டை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. மூலைகளில் மடித்த சின்னத் துணியைப் பூவாக வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை நிறைவடையாது அவர்களுக்கு. துணியை இழுத்துக் கட்டும் சட்டமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், திட்டமும் வேண்டாம். குடும்பத்துக்கு நடுவில் தைப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய முறை இது என்பேன்.

பழைய சேலையை எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடமும் இடுப்பில் உரசிய இடமும் சல்லடையாகத் தெரியும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். முந்தானைப் பக்கம் பொதுவாக உறுதியாக இருக்கும். பொங்கலுக்கு முன் போகிக்காக வீட்டை ஒழிக்கும்போது வெளியே வரும் சேலைகளையும் வேட்டிகளையும் அன்றே வாங்கித் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்குடி போன்ற சாயத் துணியைத் தனியாக அலசிப் பாருங்கள். தண்ணீர் தெளிந்த பிறகே வெள்ளையோடு சேர்க்க வேண்டும்.

அறிகுறி: நேரம் இருக்கிறது, உட்கார்ந்தால் மனம் உறுத்துகிறது

‘வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தைக்கலாம்’ என்பது நம்மில் பலருக்கும் சொல்லித்தரப்பட்ட ஒழுங்கு. வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. துவைத்த துணி மடிக்கப்பட்டதும் அடுத்த துணி அழுக்காகிவிடுகிறது. முடிந்த பிறகு என்று தள்ளிவைப்பதும் ஒருபோதும் இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தைப்பதற்கான நேரம் மிச்சத்திலிருந்து வராது. வேலைகளின் நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எடுப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் பார்க்காதபோது ஒளிந்து ஒளிந்து தைத்தால் அது வேலை என்று வீட்டில் எவருக்கும் படாது. கூப்பிடுவதற்கும் தயங்க மாட்டார்கள். “அத்தை, செவ்வாயும் வெள்ளியும் நாலு மணியிலிருந்து ஐந்துவரை நான் தையலில் இருப்பேன். காபியை முன்னாலேயே போட்டு பிளாஸ்கில் வைத்துவிடுகிறேன்” என்று நாளும் மணியும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கணவரிடம், “அந்த ஒரு மணி நேரம் பிள்ளையின் பாடத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்பதில் பிடிமானம் இல்லை. முதல் சில வாரம் முகம் சுளிப்பார்கள். ஐந்து மணிக்கு நீங்கள் சொன்னபடி எழுந்து வந்துவிட்டால் அடுத்தடுத்து நம்பிக்கை வரும்.

மாமியாருக்கு ஊசி கோக்கக் கண் தெரியாமல் இருக்கலாம். நிறத்துக்கு நிறம் ஜோடி சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இருக்காது. எது தன் தலைத்தீபாவளிச் சேலை, எது யார் வாங்கித் தந்தது என்று சொல்லிக்கொண்டே அடுக்கித் தருவார். பிள்ளைகள் தற்காலிகத் தையலைப் பிரித்துத் தரலாம். ஆனால் இந்தக் கூட்டு வேலைக்கு வேறொரு நேரம் வையுங்கள். உங்களுடைய அந்த ஒரு மணி நேரம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவொன்றில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பருத்திக் காட்டில் உழைத்துக்கொண்டே, தேய்ந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வைகள் தைத்தார்கள். குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்த வேண்டியிருந்தது. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை கண்காட்சியாக வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களைத் தபால்தலைகளாக வெளியிட்டது. ஓய்வு கிடைத்தவர்கள் செய்த கலை அல்ல அது. உங்கள் உறுத்தலை இதோடு வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: தங்கைக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, தேதிக்குள் முடியுமா என்ற பயம்

பயத்தைக் கணக்காக மாற்றுங்கள். 36க்கு 48 அங்குலப் போர்வைக்கு, தைத்த பின் ஆறு அங்குலம் வரும் சதுரங்கள் 48 வேண்டும். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டைக்கு ஆறு சதுரம். எட்டுப் பட்டைக்கு 52 அங்குலம். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும்.

48 துண்டுகளை ஒன்றாக்க எந்த வரிசையில் தைத்தாலும் 47 இணைப்புகள்தாம். இரண்டிரண்டாக 24, அவற்றை நான்கு நான்காக 12, அப்படிக் கிடைக்கும் ஒரு அடிக் கட்டங்களை மூன்று மூன்றாக வரிசையாக்க 8, நான்கு வரிசைகளைச் சேர்க்க 3. நாளுக்கு இரண்டு இணைப்பு என்றாலும் மேல்துணி 24 நாளில் தயார். இந்த வரிசையில் போனால் கடைசி மூன்று இணைப்புகள்தாம் நீளமானவை. மற்றவை எல்லாம் கைக்குள் அடங்கும். கையிருப்பு நாட்களில் பாதியை மேல்துணிக்கும், மறுபாதியை அடுக்கு சேர்ப்பது, ஓடு தையல், ஓரம் கட்டுவது ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். ஓரத்துக்குச் சுற்றளவு 168 அங்குலம்; இரண்டரை அங்குலப் பட்டை ஐந்து வெட்டினால் மூலைகளுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.

கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள்: ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை கூடாது. விழித்திருக்கும்போது குப்புறப் படுத்து விளையாடத் தரையில் விரிப்பதற்கு இது அருமையானது.

அறிகுறி: வீட்டில் நோயாளி, நாள் முழுதும் மருத்துவமனை

கையடக்க டப்பா ஒன்று: மடித்த அறுகோணங்கள் இருபது, கோத்து வைத்த ஊசி இரண்டு, நூல்கண்டு, சின்னக் கத்தரிக்கோல். டோக்கன் எண் கூப்பிடும்வரை தைக்கலாம். நோயாளியின் படுக்கையில் வைத்து மட்டும் தைக்காதீர்கள். விழுந்த ஊசி தெரியாது. மனம் ஓடாத நாளில் டப்பாவைத் திறக்காமல் திரும்பி வந்தாலும் ஒரு குறையும் இல்லை.

அறிகுறி: மாதக்கணக்கில் தொடவே முடியவில்லை

இதற்குச் சரிசெய்ய எதுவும் இல்லை. பிரசவம், இறப்பு, பிள்ளையின் பொதுத் தேர்வு போன்ற காலங்களில் போர்வை காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும்போது கெட்டுப்போகாமல் வைப்பது மட்டுமே வேலை. ஊசி, குண்டூசி எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் துரு ஏறினால் அந்தக் கறை போகாது. பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் துவைத்த வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு அலமாரியில் வையுங்கள். எந்த அளவு, எந்த நூல், அடுத்து என்ன என்று எழுதிய காகிதம் உள்ளே இருக்கட்டும். மறுபடி எடுக்கும் அன்று பாதியில் நின்ற நீள வரிசையில் கை வைக்காமல், பையில் மிச்சமிருக்கும் ஒரு ஜோடிச் சதுரத்தைத் தைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் இன்னொரு ஜோடி.